இருபத்திரண்டாவது நிமிடத்தில் வரும் குரல்

எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது காலை பத்து இருபத்தைந்துக்கு. நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை. அந்த ஒலிநாடாவோடு சேர்த்துக் கட்டிய பதிவுத் தாளில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "10.25 – பெரியவர் இயல்பாகப் பேசத் தொடங்கினார்." சந்தோஷத்தில் அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பயிற்சியில் அந்த நாடாவை இன்னும் போட்டுக் காட்டுகிறார்களாம். தோட்டத் தமிழில் சொற்களின் கடைசி ஒலி எப்படிக் கரைகிறது என்பதற்கு நல்ல சான்று என்கிறார்களாம். "இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு பெண் குரல், 'டீச்சர், பாப்பா இங்க வந்துச்சா?' என்று கேட்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த டீச்சர் யார், ஏன் பதில் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டிருந்தார்.

அந்த டீச்சர் நான்தான். தோட்டத்தில் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாப்பா என் மகள். இன்று அவளுக்குப் பதினாறு வயது. இதை எழுத உட்கார்ந்த பிறகு, அடுத்த அறையில் அவள் இருக்கிறாளா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். அவளுக்கு இது பழகிவிட்டது. "இங்கதாம்மா இருக்கே" என்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறாள்.

நீங்கள் வகுப்பில் படிப்பதை நாங்கள் தோட்டம் தோட்டமாக அலைந்து கேட்டோம். எழுபதுகளின் பிற்பகுதி. ஈப்போவைச் சுற்றி, செமோர் தொடங்கிக் காம்பார் வரை, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. ஆட்கள் பட்டணத்துக்குப் போவதற்குள் அவர்கள் பேச்சைப் பதிந்து வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேலை.

சொல்லின் கடைசி ஒலியை நாங்கள் 'வால்' என்போம். எழுத்தில் 'வருகிறேன்' என்று இருப்பது, கப்பலில் வந்தவர்கள் வாயில் 'வாரேன்'. அந்தக் கடைசி 'ன்' அவர்கள் நாக்கில் நிற்காது. மூக்கில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் பிள்ளைகளிடம் அந்த மூக்கொலியும் மெலிந்துவிடும். பேரப்பிள்ளைகள் 'வாரே' என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள், மூக்கில்கூட மிச்சமிருக்காது. 'மரம்' என்று சொல்ல உதட்டை மூட வேண்டும், யாரும் மூடுவதில்லை. 'அவள்' என்பது 'அவ' ஆகிப் பலகாலம் ஆயிற்று. யாரும் உட்கார்ந்து முடிவுசெய்து வெட்டுவதில்லை. அவசரத்திலும் பழக்கத்திலும் அது தானாக உதிர்கிறது.

எங்கள் வேன் ஓட்டுநர் யூசோப் அண்ணன் தோட்டத்தில் வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் சரளமாகப் பேசுவார். மலாயில் 'போ' என்பதற்கு 'பெர்கி' என்று முழுதாகச் சொல்ல வேண்டியதை அவர் 'பி' என்பதோடு முடித்துக்கொள்வார். "பாதிய முழுங்கிடுறீங்களே அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன். "போற எடத்துக்குப் போய்ச் சேந்தா போதாதா டீச்சர்? வண்டியும் அப்பிடித்தா, வார்த்தையும் அப்பிடித்தா லா" என்றார்.

எங்களுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தவுடன், உதிர்ந்த வால்களை எல்லாம் மக்கள் தேடி எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். தோட்டத்தில் இது பழைய பழக்கம். அலுவலகத்தில் உட்கார்ந்து பேர் பதியும் கிராணி முன்னால் நிற்கும்போது, வாயைத் திருத்திக்கொண்டு பேசுவதுதான் மரியாதை. பெயர் வெட்டப்படுமோ, வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்து பழகிய பேச்சு அது. கையில் தாளும் பென்சிலுமாக வருகிற நாங்களும் அவர்களுக்குக் கிராணிகள்தான். "பயம் வந்தால் சொல்லுக்கு வால் முளைத்துவிடும். அவர்கள் பயத்தைப் போக்காமல் நீங்கள் எதைப் பதிந்தாலும் அது பயத்தின் பதிவு" என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்வார். அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். அதில் பாதியைத்தான் புரிந்துகொண்டேன் என்பது பிறகு தெரிந்தது.

வீராசாமி என்ற பெரியவர் செமோர் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில் இருந்தார். எழுபது தாண்டியவர், ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர், ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவர், இடது காது கேட்காது. பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர். அந்த வட்டாரத்தில் அப்படி மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று முறை போய் மூன்று முறையும் தோற்றுத் திரும்பியிருந்தேன். அவரும் மகனும் மருமகளும் மாதக் கடைசியில் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. அது நான்காவது முறை. இனி வாய்ப்பு இல்லை.

சனிக்கிழமை. வீட்டுக்காரருக்கு வேலைநாள். வழக்கமாக மகள் முல்லையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா ஊரில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவரின் மருமகள் ராசம்மா, "நா பாத்துக்கறே டீச்சர், நீங்க ஒங்க வேலயப் பாருங்க" என்றாள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

முன்னறையில் கருவியை வைத்தேன். பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். கோழிகளை விரட்டச் சொன்னேன். சன்னலைச் சாத்தினேன். முல்லையிடம், "அம்மா கையத் தூக்கினா யாரும் பேசக்கூடாது, சரியா?" என்றேன். தலையாட்டினாள். அவள் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. யூசோப் அண்ணன் பேட்டரி வாங்க வேனை எடுத்துக்கொண்டு செமோருக்குப் போனார். பத்து பதினெட்டுக்கு நாடா ஓடத் தொடங்கியது.

"டீச்சரம்மா, நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பினாங்கில் இறங்கினேன்" என்றார் பெரியவர், முதுகை நிமிர்த்தி. ஒரு வாலும் உதிரவில்லை.

உள்ளேயிருந்து ராசம்மா எட்டிப் பார்த்தாள். "என்னா மாமா, கிராணி முன்னால கைகட்டி நிக்கற மாரி பேசறீங்க. என்னைய திட்டறப்ப இப்பிடியா பேசறீங்க?"

"நீ போ புள்ள. பேசறப்ப காச்சாவ் பண்ணாத" என்று, தொல்லை கொடுக்க வந்தவளை விரட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "மன்னிக்க வேண்டும் டீச்சரம்மா" என்றார்.

ஏழு நிமிடம் இப்படியே போயிற்று. பிறகு அவர் பார்வை தரையில் உட்கார்ந்திருந்த முல்லைமேல் விழுந்தது. முகம் இளகியது. குனிந்து அவளிடம், "பாப்பா, ஒன்னைய தராசுல போட்டா எவ்ளோ இருப்ப தெரியுமா?" என்றார். அதோடு கருவியை மறந்தார். என்னையும் மறந்தார். பேச்சு அப்படியே வழிந்து வந்தது. பத்து இருபத்தைந்து.

தாளில் நான் எழுதியதை இப்போது பார்க்கிறேன். 'நிறுப்போ' என்று ஒரு சொல். 'ம்' உதிர்ந்தது, மூக்கொலி உண்டு. அடுத்தது 'ஆட்டுவோ', அதேபோல. 'அங்கதா', 'ன்' உதிர்ந்தது, மூக்கொலி உண்டு. சொற்கள் மட்டும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறி. அவர் எதை நிறுத்தார், யாரை ஆட்டினார், அங்கே என்றது எங்கே என்று ஒரு வரி இல்லை. இன்று உங்கள் தாளில் 'சொன்ன செய்தி' என்று இடப்பக்கம் ஒரு பத்தி இருக்கிறதல்லவா. அதைப் பலர் காலியாக விடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அன்று அந்தப் பத்தி கிடையாது. அதை நான் சண்டை போட்டுச் சேர்க்க வைத்தேன்.

பத்து இருபத்தெட்டு வாக்கில் என் சேலையை யாரோ இழுத்தார்கள். காதருகே முல்லை, "ம்மா, நா போறே" என்றாள். நாடாவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் உங்களுக்கும் கேட்கும். நான் கையைத் தூக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு விரல்நுனியில் நடந்து வெளியே போனாள்.

இதை மறைக்கப் போவதில்லை. அந்த 'போறே' என் காதில் விழுந்தது. மூக்கொலிகூட இல்லை என்று கவனித்தேன். தாத்தா தலைமுறையும் பேத்தி தலைமுறையும் ஒரே நாடாவில் வந்துவிட்டதென்று பென்சிலால் குறித்தேன். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

பத்து நாற்பதுக்கு ராசம்மா வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், பாப்பா இங்க வந்துச்சா?"

நான் மறுபடி கையைத் தூக்கினேன். அவள் குரல் பெரியவரின் கேட்காத காதுப்பக்கம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். ராசம்மா திரும்பிப் போய்விட்டாள்.

நாடா தீர இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அந்த எட்டு நிமிடமும் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குள் சொல்லிக்கொண்டதெல்லாம் அப்போது நியாயமாகத்தான் பட்டது. லயத்துக்குள்தானே இருப்பாள். ராசம்மா தேடுகிறாள். இப்போது எழுந்தால் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து 'டீச்சரம்மா' என்று ஆரம்பித்துவிடுவார், அப்புறம் திரும்பக் கிடைக்காது. நடுங்கிக்கொண்டு செய்த தவறு அல்ல அது. அமைதியாக, கெட்டிக்காரத்தனமாகச் செய்த தவறு. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த அமைதிக்குத்தான்.

நாடா தீர்ந்து 'டக்' என்று நின்றது. வெளியே வந்தேன். லயமே ஊமையாக இருந்தது. சத்தம் போடக்கூடாது என்று நான் சொன்னதை எல்லாரும் காப்பாற்றியிருந்தார்கள். ராசம்மா வாயைத் திறக்காமலே வீடு வீடாக நுழைந்து தேடியிருக்கிறாள். ஒருத்தரும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"எங்கயும் காணோம் டீச்சர்" என்றாள். அவள் முகத்தில் வியர்வை. "பின்னால ஈயக் குட்ட இருக்கு."

லயத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட குழியில் தண்ணீர் நின்றது. பச்சை நிறம். கரை வெறும் மணல். காலை வைத்தால் சரியும். நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது நினைவில் இல்லை. இரண்டு ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மூங்கில் கழியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா பேரு என்னா டீச்சர்?"

"முல்லை."

"முல்லே... முல்லே..." பெண்கள் கரையைச் சுற்றி நின்று கூப்பிட்டார்கள். பேச்சில் தேய்ந்துபோகும் வால், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது மட்டும் நீண்டு வளர்கிறது என்று அப்போதும் என் காது கவனித்தது. பிள்ளையைக் காணாமல் நிற்கிறேன், காது தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. அந்தக் காதை அறுத்துப் போடலாம் போலிருந்தது. நான் கூப்பிடவே இல்லை.

ஒரு பெண் தண்ணீர் ஓரத்திலிருந்து சின்னச் செருப்பு ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நீல நிறம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் என் மகள் என்ன செருப்புப் போட்டாள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. வீராசாமி எத்தனை இடத்தில் 'ம்' விட்டார் என்று கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

ராசம்மாதான் சொன்னாள். "அது நம்ம பாப்பாது இல்ல. பாப்பா செருப்பு செவப்பு. நம்ம வாசல்லதா கெடக்கு, வெறுங்காலோட போயிருக்கு." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒக்காருங்க டீச்சர். விழுந்துடப் போறீங்க."

யூசோப் அண்ணன் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேட்டரிப் பொட்டலத்தை அப்படியே மணலில் போட்டார். "வர்ற வழியில ரோட்டுல யாரும் இல்ல டீச்சர். நா நல்லா பாத்துத்தா வந்தே." குட்டையைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நா பி போலீஸ்ல சொல்றே. அரை மணி நேரத்துல வந்துடுவே" என்று ஓடினார்.

கழி தண்ணீருக்குள் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் எதிலோ தட்டியது. ஒருமுறை பழைய சாக்கு வந்தது. ஒருமுறை மரக்கிளை. "ஆழமா இருக்கு. கீழ சேறு" என்றார் ஒருவர் இன்னொருவரிடம், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். பதிவு நன்றாக வந்தது என்று சொல்வேனா?

அந்த ஒன்றரை மணி நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்டோம். பால்காரரைக் கேட்டோம். எருமை மேய்த்தவரைக் கேட்டோம். பிள்ளையோடு கடைசியாகப் பேசிய ஆளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் பேச்சைக் கேட்பதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டு நான்கு முறை வந்த நானும் கேட்கவில்லை. கால் முடியாதவர், காது கேட்காதவர், முன்னறையில் நாற்காலியில் இருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

பிறகு தெரிந்தது இது. எல்லாரும் ஓடிய பின் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நாடா தீர்ந்ததால் நான் எழுந்து போனேன் என்று நினைத்திருக்கிறார். குட்டைப் பக்கம் கூக்குரல் பலமான பிறகுதான் நல்ல காதில் விழுந்திருக்கிறது. பிள்ளையைக் காணோம் என்று புரிந்ததும், கடைசியாக அவளிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று யோசித்திருக்கிறார். அவர் சொன்னது ரப்பர்ப் பாலைச் சேர்த்து வைக்கும் பழைய பால் ஸ்டோரைப் பற்றி. மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் நிறுக்கிற பெரிய தராசு ஒன்று அங்கே இருந்தது. வேலை முடிந்த பிறகு பிள்ளைகளைத் தட்டில் உட்கார வைத்து நிறுப்பார்கள், ஊஞ்சல் மாதிரி ஆட்டுவார்கள். செம்பனைக்கு அந்தப்பக்கம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. கம்பை எடுத்துக்கொண்டு தானே கிளம்பியிருக்கிறார். நல்ல காலுள்ளவருக்கே இருபது நிமிட நடை.

அந்த நாடாவைப் பிறகு ஒரே ஒரு முறை போட்டுக் கேட்டேன். எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒரு சொல்லும் மங்கவில்லை. நீங்களும் அடுத்த முறை போடும்போது வால்களை விட்டுவிட்டு, அவர் சொல்வதை ஒருமுறை கேளுங்கள். ஸ்டோருக்குப் போகும் வழியைக்கூடச் சொல்கிறார்.

பன்னிரண்டே காலுக்கு வேன் சத்தம் கேட்டது. போலீஸ் வந்துவிட்டது என்று எல்லாரும் பாதைப் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், இந்தப்பக்கம் பாருங்க" என்று ராசம்மா என் தலையைப் பிடித்துத் திருப்பினாள்.

செம்பனைக்குள்ளிருந்து வீராசாமி வந்துகொண்டிருந்தார். தாங்கித் தாங்கி, நின்று நின்று. அவர் கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முல்லை. உடுப்பெல்லாம் துரு. காலில் சேறு. அழுது காய்ந்த முகம்.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேனா, விழுந்தேனா என்று தெரியாது. மடியில் இருந்தாள், அது மட்டும் தெரியும். அவள் என் காதில் மெதுவாக, "நா சொல்லிட்டுத்தாம்மா போனே" என்றாள்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. ராசம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். என் எதிரில் வந்து நின்றார். முதுகை நிமிர்த்தவில்லை. டீச்சரம்மா என்று ஆரம்பிக்கவில்லை.

"தட்டுல ஏறி ஒக்காந்துகிட்டு எறங்கத் தெரியாம அழுதுகிட்டு இருந்துச்சு" என்றார். "நா சொன்னத இந்தப் புள்ள கேட்டுச்சு. நீ என்னாத்த கேட்டுக்கிட்டு இருந்த?"